லோட் டெஸ்ட் டூலும் ஜீஜிப்பும்: கேட்டாத்தான் சுருக்கித் தருவாங்க

லோட் டெஸ்டிங் இப்பதான் கத்துக்க ஆரம்பிச்சிருக்கீங்கன்னா, ஜேமீட்டர்ல ஒரு த்ரெட் குரூப் போட்டு, யூஆர்எல் குடுத்து, 50 யூசர் 100 யூசர்னு ஓட்டிப் பாத்திருப்பீங்க. ரிப்போர்ட் எல்லாம் பச்சையா வந்திருக்கும், சந்தோஷமா இருந்திருக்கும். ஆனா அந்த ரிப்போர்ட்ல இருக்கற நம்பர் நிஜமாவே உங்க சைட்டோட நம்பர்தானா? ஒரே ஒரு ஹெட்டர், அதாவது ரிக்வெஸ்டோட சேர்ந்து போற ஒரு சின்ன குறிப்பு, விட்டுப்போனா போதும், ஜனங்க ப்ரவுசர்ல பாக்கற சைட் ஒண்ணு, நீங்க டெஸ்ட் பண்ற சைட் வேற ஒண்ணுன்னு ஆயிடும். அந்த ஹெட்டர் பேரு அக்செப்ட்-என்கோடிங். இந்தக் கட்டுரை முழுக்க அதையும், அது கேட்டு வாங்கற சுருக்கின ரெஸ்பான்ஸையும் பத்திதான்.

நான் இதோட அருமைய புரிஞ்சுக்கிட்டது ஒரு க்ளையன்ட் போர்ட்டல் டெஸ்ட் பண்ணப்போ. யூசர் எண்ணிக்கைய கூட்டிக்கிட்டே போறோம், ஒரு அளவுக்கு மேல த்ரூபுட், அதாவது நொடிக்கு எத்தன ரெஸ்பான்ஸ் வருதுங்கறது, ஏறவே மாட்டேங்குது, ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் ஏறுது. சர்வர் சிபியு பாத்தா சும்மா உக்காந்திருக்கு. டெவலப்பர் டீம் எங்க கோட் சரியா இருக்குங்கறாங்க, நெட்வொர்க் டீம் லைன் ரொம்பி வழியுதுங்கறாங்க, மூணு நாள் இதே பேச்சு. டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு அந்தப் பக்கத்த ப்ரவுசர்ல தொறந்து நெட்வொர்க் டேப் பாத்துட்டு வந்து கேட்டாங்க, "அண்ணா, ப்ரவுசர்ல இந்தப் பக்கம் 40 கேபிதான் காட்டுது, நம்ம ஜேமீட்டர்ல 300 கேபி வருது, ரெண்டும் ஒரே பக்கந்தானே?" அவ்வளவுதான், விஷயம் வெளிய வந்துடுச்சு. ஸ்க்ரிப்ட்ல அக்செப்ட்-என்கோடிங் ஹெட்டரே இல்ல. அதச் சேர்த்ததும் லைன் அமைதியாயிடுச்சு, ஆனா இப்ப சும்மா உக்காந்திருந்த சர்வர் சிபியு மேல ஏற ஆரம்பிச்சுது, ஏன்னா யாரோ அங்க கம்ப்ரஷன் லெவல, அதாவது எவ்வளவு மெனக்கெட்டு சுருக்கணுங்கற அளவ, அதிகபட்சமான 9ல வெச்சிருந்தாங்க. அதுவரைக்கும் மூணு நாளா நாங்க பேசினது இல்லாத ஒரு பிரச்சினைய பத்தி, நிஜமான பிரச்சினைய தொடவே இல்ல.

சரி, அடிப்படையில இருந்து வருவோம். ப்ரவுசர் ஒரு பக்கத்த கேக்கறப்போ கூடவே "எனக்கு ஜீஜிப் தெரியும், டிஃப்லேட் தெரியும், ப்ராட்லி தெரியும், இதுல எதுல வேணா சுருக்கி அனுப்பு"ன்னு சொல்லும். அதுதான் அக்செப்ட்-என்கோடிங் ஹெட்டர். சர்வர் அதப் பாத்து, தனக்கும் தெரிஞ்ச ஒண்ண எடுத்து, பாடிய, அதாவது பக்கத்தோட உள்ளடக்கத்த, சுருக்கி, "நான் ஜீஜிப்ல சுருக்கியிருக்கேன்"னு கன்டென்ட்-என்கோடிங் ஹெட்டர்ல எழுதி அனுப்பும். ப்ரவுசர் அத விரிச்சு நமக்கு காட்டும். இதுல முக்கியமான விஷயம், ப்ரவுசர் கேக்கலேன்னா சர்வர் பொதுவா சுருக்காது, ஏன்னா எதிர்ல இருக்கறவருக்கு விரிக்கத் தெரியுமான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுனால முழுசா அப்படியே அனுப்பிடும். இதுல தப்பு எதுவும் நடக்கல, 200 ஓகேன்னுதான் வரும், ரெட் கலர் எங்கயும் வராது. அதுனாலதான் பல பேருக்கு இது தெரியாமலே போகுது.

சுருக்கறதுன்னா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி வர்ற பல விஷயம் லேசா புரியும். பழைய பாட்டுப் புத்தகம் பாத்திருக்கீங்களா, பல்லவிய மேல ஒரு தடவ முழுசா போட்டிருப்பாங்க, அப்புறம் ஒவ்வொரு சரணம் முடிஞ்சதும் பல்லவிய திருப்பி அச்சடிக்க மாட்டாங்க, அடைப்புக்குறிக்குள்ள முதல் வார்த்தைய மட்டும் போட்டு விட்டுடுவாங்க. பாடறவருக்குத் தெரியும், மேல போய் எடுத்துப் பாடணும்னு. 1977ல ஆப்ரஹாம் லெம்பெலும் ஜேக்கப் ஸிவ்வும் சொன்ன எல்இசட்77 முறை கிட்டத்தட்ட இதேதான், "இத்தன பைட் பின்னாடி போ, அங்கிருந்து இத்தன பைட் எடுத்துக்கோ"ன்னு ஒரு குறிப்பு. அதோட 1952ல வந்த ஹஃப்மன் கோடிங்க சேர்த்தா, அதாவது அடிக்கடி வர்றதுக்கு சின்ன குறியீடு, அபூர்வமா வர்றதுக்கு பெரிய குறியீடுன்னு சேர்த்தா, அதுதான் டிஃப்லேட். அந்த டிஃப்லேட்டுக்கு முன்னாடி 10 பைட் ஹெட்டர், பின்னாடி 8 பைட் வால் ஒட்டினா ஜீஜிப். டிஃப்லேட் பின்னாடி திரும்பிப் பாக்கற தூரம் 32 கேபி, அதுக்கு மேல போகாது. ஹெச்டிஎம்எல்லயும் ஜேசான்லயும் ஒரே டேக், ஒரே ஃபீல்டு பேரு வரிக்கு வரி வர்றதால நல்லா சுருங்கும். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கினது, அத ஜீஜிப்ல போட்டா சிபியுதான் வேஸ்ட்.

தமிழ் சைட் டெஸ்ட் பண்றவங்களுக்கு இதுல தனியா ஒரு விஷயம் இருக்கு. யூடிஎஃப்-8ல இங்கிலீஷ் எழுத்து 1 பைட், தமிழ் யூனிகோட்ல ஒவ்வொரு குறியும் 3 பைட். "அம்மா"ங்கற சின்ன வார்த்தைக்கு அ, ம, புள்ளி, ம, கால்னு 5 குறி, ஆக 15 பைட். அந்த மூணு பைட்டுல முதல் பைட் எப்பவும் 224, ரெண்டாவது 174 இல்லேன்னா 175, மூணாவதுதான் நிஜமா மாறுது. பாருங்க, பக்கம் முழுக்க அதே 224, அதே 174 திரும்பத் திரும்ப வருது, இத விட கம்ப்ரஷனுக்கு வசதியான தீனி கிடையாது. அதுனால தமிழ் நியூஸ் சைட், தமிழ்ல அரசு சேவை போர்ட்டல் மாதிரி எதையாவது கம்ப்ரஷன் இல்லாம டெஸ்ட் பண்ணீங்கன்னா, நிஜத்துக்கும் உங்க ரிப்போர்ட்டுக்கும் இருக்கற இடைவெளி இன்னும் பெருசாத்தான் இருக்கும்.

ஜீஜிப்ப ஜான்-லூ கையியும் மார்க் ஆட்லரும் 1992ல வெளியிட்டாங்க, இன்னிக்கும் வெப்ல எங்க போனாலும் நம்பி கேக்கக்கூடியது இதுதான். கூகுள் கொண்டு வந்த ப்ராட்லி 2016ல ஆர்எஃப்சி, அதாவது இன்டர்நெட்டோட அதிகாரபூர்வ தொழில்நுட்ப ஆவணம், ஆச்சு, ஹெட்டர்ல பிஆர்னு ரெண்டே எழுத்து வரும். வெப்ல அடிக்கடி வர்ற வார்த்தைங்க, டேக்ங்க எல்லாத்தையும் வெச்சு ஒரு டிக்‌ஷனரிய உள்ளயே வெச்சிருக்கு, அதுனால சின்ன ஃபைலுக்கும் நல்லா சுருக்கும். ஆனா ப்ரவுசர்ங்க ஹெச்டிடிபிஎஸ்ல மட்டுந்தான் ப்ராட்லி கேக்கும், வெறும் ஹெச்டிடிபில கேக்காது, இது டெஸ்ட் என்விரான்மென்ட்ல கால வாரிவிடும், அங்க பாதி பேர் எஸ் இல்லாமதானே ஓட்டறோம். ஃபேஸ்புக்ல யான் காலே பண்ண ஸீஸ்டாண்டர்ட் இப்ப மெதுவா வந்துக்கிட்டு இருக்கு, 2024ல இருந்து க்ரோம் அதையும் கேக்குது. டிஃப்லேட்ங்கற பேர்ல மட்டும் ஒரு பழைய குழப்பம் உண்டு. ஸ்டாண்டர்ட்படி அது ஸீலிப்ங்கற உறை, அதாவது முன்னாடியும் பின்னாடியும் சில பைட், போட்ட டிஃப்லேட், ஆனா சில சர்வர் உறை இல்லாம அப்படியே அனுப்பிச்சுது, அதுல இருந்தே யாரும் அத நம்பறதில்ல. நீங்களும் ஜீஜிப்போட நிறுத்திக்கிட்டா பாதி தலைவலி குறையும்.

இப்ப ஹெட்டர் இல்லாம டெஸ்ட் ஓட்டினா என்னென்ன தப்பா வரும்னு பாப்போம். இங்கதான் கொஞ்சம் நிதானமா படிங்க.

முதல்ல நெட்வொர்க். உங்க லோட் ஜெனரேட்டர் மெஷின்ல 1 ஜிபிபிஎஸ் லைன்னு வெச்சுக்குவோம், அது நொடிக்கு 125 எம்பி. பக்கம் 300 கேபின்னா நொடிக்கு சுமார் 416 ரெஸ்பான்ஸ், அதோட லைன் ஃபுல். அதே பக்கம் சுருங்கி 40 கேபியா வந்தா 3,125 வரைக்கும் போகலாம். ஆக ஹெட்டர் இல்லாத டெஸ்ட்ல நீங்க சர்வர அளக்கவே இல்ல, உங்க கேபிள அளந்திருக்கீங்க. 400ல த்ரூபுட் நின்னுச்சு, அப்ப சர்வர் இவ்வளவுதான் தாங்கும்னு ரிப்போர்ட் எழுதி, க்ளையன்ட் இன்னும் நாலு சர்வர் வாங்கிப் போட்டார்னா அந்தக் காசு யாரு காசு? க்ளவுட்ல ஓட்டறீங்கன்னா வெளிய போற டேட்டாவுக்கு வேற தனி பில்.

ரெண்டாவது சர்வர் சிபியு, இது நேர்மாறா தப்பாகும். சுருக்கறது வேலை, அதுவும் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் பக்கத்த புதுசா உருவாக்கற சைட்ல ஒவ்வொரு தடவையும் புதுசா சுருக்கணும். ஹெட்டர் இல்லேன்னா அந்த வேலையே சர்வருக்கு கிடையாது, சிபியு ஜாலியா இருக்கும், நீங்களும் ஆஹா நல்ல ஹெட்ரூம் இருக்குன்னு நெனப்பீங்க. லைவ் போன அன்னிக்கு ஒவ்வொரு ப்ரவுசரும் சுருக்கிக் குடுன்னு கேக்கும், அப்பதான் தெரியும். அதாவது நெட்வொர்க் பக்கம் நம்பர் மோசமாவும், சிபியு பக்கம் நம்பர் நல்லாவும் ஒரே நேரத்துல பொய் சொல்லுது. ரெண்டும் ஒரே பக்கமா தப்பாகியிருந்தா ஒரு கணக்கு போட்டு சரிபண்ணலாம், இது எதிர் எதிர் திசையில போறதால எந்தக் கணக்கும் உதவாது, திரும்ப ஓட்டறதுதான் வழி.

மூணாவது கேஷ், இத நிறைய பேர் யோசிக்கவே மாட்டாங்க. சர்வர் ரெஸ்பான்ஸ்ல வேரின்னு ஒரு ஹெட்டர் போட்டு அதுல அக்செப்ட்-என்கோடிங்னு சொல்லியிருந்தா, நடுவுல நின்னு காப்பி எடுத்து வெச்சுக் குடுக்கற சிடிஎன்னோ ரிவர்ஸ் ப்ராக்ஸியோ ஒரே பக்கத்துக்கு சுருக்கினது ஒண்ணு, சுருக்காதது ஒண்ணுன்னு தனித்தனியா எடுத்து வெச்சுக்கும். நீங்க ஹெட்டர் இல்லாம அடிக்கறப்போ உங்களுக்கு வர்றது சுருக்காத காப்பி. நிஜ ப்ரவுசர் எதுவும் அந்தக் காப்பிய தொடறதே இல்ல. வார்ம்-அப்னு சொல்லி கேஷ சூடு பண்றோமே, அது கூட தப்பான காப்பிய சூடு பண்ணிட்டு இருக்கும்.

டூல்ங்க இதுல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி, அதுனால பொதுவா ஒரு விதி சொல்ல முடியாது, நீங்க யூஸ் பண்ற டூல் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஜேமீட்டர் தானா கேக்காது. ஹெச்டிடிபி ஹெட்டர் மேனேஜர்னு ஒரு எலிமென்ட் இருக்கு, அத டெஸ்ட் ப்ளான்ல சேர்த்து அக்செப்ட்-என்கோடிங்னு பேர் குடுத்து மதிப்புல ஜீஜிப்னு போடணும், த்ரெட் குரூப்புக்கு உள்ள எல்லா ரிக்வெஸ்டுக்கும் மேல வெச்சீங்கன்னா எல்லாத்துக்கும் சேர்ந்துடும். ரெஸ்பான்ஸ் சுருங்கி வந்தா ஜேமீட்டரே விரிச்சு குடுத்துடும், வ்யூ ரிசல்ட்ஸ் ட்ரீல நீங்க பாக்கறது விரிச்ச டெக்ஸ்ட். ஆனா அதே இடத்துல சைஸ் இன் பைட்ஸ்னு இருக்கே, அது லைன்ல வந்த சைஸ், அதாவது சுருங்கின சைஸ். புதுசா பாக்கறவங்க ரெஸ்பான்ஸ் டேப்ல இருக்கற டெக்ஸ்ட காப்பி பண்ணி ஒரு ஃபைல்ல போட்டு பாத்துட்டு சைஸ் ஒத்துப்போகலையேன்னு குழம்புவாங்க, குழப்பமே வேணாம், அது ஒத்துப்போகலேன்னாதான் கம்ப்ரஷன் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ப்ரவுசர்ல இருந்து ரெக்கார்ட் பண்ண ஸ்க்ரிப்ட்னா ப்ரவுசர் அனுப்பின ஹெட்டர் அப்படியே வந்து உக்காந்துக்கும், அதுல உங்க டூலுக்கு விரிக்கத் தெரியாத என்கோடிங் ஏதாவது இருந்தா அத மட்டும் எடுத்துடுங்க. தெரியாதத கேட்டா சர்வர் அதையே குடுத்துடும், அப்புறம் பாடி முழுக்க கிறுக்கலா வரும்.

கே6ல ஒரு விசேஷமான குழப்பம் உண்டு. அதுல ரிக்வெஸ்டுக்கு கம்ப்ரஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல ஜீஜிப்னு போட்டா ரெஸ்பான்ஸ் சுருங்கி வரும்னு பல பேர் நெனச்சுக்கறாங்க. இல்லங்க, அது நீங்க அனுப்பற பாடிய சுருக்கறதுக்கு, போஸ்ட்ல பெரிய ஜேசான் அனுப்பறீங்கன்னா அதுக்கு. ரெஸ்பான்ஸ் சுருங்கி வரணும்னா வழக்கம்போல ஹெட்டர்ஸ்ல அக்செப்ட்-என்கோடிங் நீங்கதான் போடணும். வந்தத கே6 தானா விரிச்சுக்கும். பாடில இருந்து எதையும் எடுக்க வேண்டியதில்ல, லோட் மட்டும் குடுத்தா போதும்னா, டிஸ்கார்ட் ரெஸ்பான்ஸ் பாடீஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணா பாடிய விரிக்காமலே தூக்கிப் போட்டுடும், சிபியுவும் மெமரியும் நல்லா மிச்சமாகும்.

லோகஸ்ட் பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி மேல நிக்குது, ஹெச்டிடிபி யூசர் க்ளாஸ் யூஸ் பண்ணா ஜீஜிப்பும் டிஃப்லேட்டும் வேணும்னு அதுவே கேட்டுடும், நீங்க எதுவும் பண்ண வேணாம். ஆனா அதோட ரிப்போர்ட்ல ஆவரேஜ் சைஸ்னு காட்டறது விரிச்சதுக்கு அப்புறம் இருக்கற சைஸ். ஜேமீட்டர் காட்டறது சுருங்கின சைஸ், லோகஸ்ட் காட்டறது விரிஞ்ச சைஸ், ரெண்டு டூல் ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேண்ட்விட்த் கணக்கு போட்டீங்கன்னா தப்பாத்தான் வரும், இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கோ மொழில எழுதின டூல்ங்க, உதாரணத்துக்கு வெஜீட்டா, இதெல்லாம் அந்த மொழியோட ஸ்டாண்டர்ட் லைப்ரரி பண்றத அப்படியே பண்ணும். அது என்ன பண்ணும்னா, நீங்க எதுவும் சொல்லலேன்னா அதுவே ஜீஜிப் கேட்டு, அதுவே விரிச்சு, விரிச்சதுக்கு அடையாளமா கன்டென்ட்-என்கோடிங் ஹெட்டரையும் எடுத்துடும். அதுனால ரெஸ்பான்ஸ் ஹெட்டர்ல கன்டென்ட்-என்கோடிங் இல்லையே, அப்ப சர்வர் சுருக்கலன்னு நீங்க முடிவு பண்ணிடக் கூடாது. இன்னொண்ணு, அக்செப்ட்-என்கோடிங்க நீங்களே கைல போட்டீங்கன்னா லைப்ரரி ஒதுங்கிக்கும், கேட்டது நீங்க, விரிக்கறதும் உங்க பொறுப்புன்னு சுருங்கின பைட்ட அப்படியே கைல குடுத்துடும்.

அப்பாச்சி பெஞ்ச், எல்லாரும் ஏபின்னு சொல்றது, இதுல ரெண்டு பள்ளம். மைனஸ் பெரிய ஹெச் குடுத்து ஹெட்டர் சேர்க்கலாம், அது சரி. ஆனா ஏபி பேசறது ஹெச்டிடிபி 1.0, என்ஜின்எக்ஸ் சர்வரோ டீஃபால்ட்டா 1.1க்கு மட்டுந்தான் ஜீஜிப் பண்ணும். ஹெட்டர் போட்டாச்சு, சர்வர்ல ஜீஜிப்பும் ஆன், ஆனாலும் சுருங்காம வருதுன்னு ஒரு நாள் முழுக்க தலைய பிச்சுக்கிட்டவங்க உண்டு, காரணம் இந்த 1.0தான். ரெண்டாவது பள்ளம் அப்பாச்சி சர்வர் மாதிரி 1.0க்கும் சுருக்கிக் குடுக்கற இடத்துல வரும், இது கொஞ்சம் கிட்ட போய் பாக்க வேண்டிய விஷயம். ஏபி முதல் ரெஸ்பான்ஸோட நீளத்த குறிச்சு வெச்சுக்கும், அப்புறம் வர்றது எதுவும் நீளத்துல மாறினா ஃபெயில்டுன்னு கணக்குல போட்டுடும். உங்க பக்கத்துல லாகின் ஃபார்ம் இருக்கு, அதுக்குள்ள சிஎஸ்ஆர்எஃப் டோக்கன், அதாவது ஃபார்ம் நிஜமாவே இந்த சைட்ல இருந்துதான் வந்துதான்னு பாக்கற ரகசியக் குறி, 32 எழுத்து, ஒவ்வொரு தடவையும் எழுத்து மாறும், ஆனா நீளம் மாறாது. சுருக்காம ஓட்டினா எல்லாம் ஒரே நீளம், ஃபெயில் பூஜ்யம். ஜீஜிப் போட்டதும் பாதி ரிக்வெஸ்ட் ஃபெயில்டுன்னு வரும். ஏன்னா ஒரு டோக்கன்ல ஏதோ மூணு நாலு எழுத்து பக்கத்துல வேற எங்கயோ இருக்கறதோட ஒத்துப்போய் பல்லவி மாதிரி குறிப்பா மாறிடும், இன்னொரு டோக்கன் ஒத்துப்போகாது, சுருங்கின நீளம் ரெண்டு மூணு பைட் முன்னபின்ன ஆகும். சர்வர்ல எந்தக் கோளாறும் இல்ல. மைனஸ் சின்ன எல் ஆப்ஷன் குடுத்தா நீளம் மாறினாலும் பரவாயில்லன்னு ஏபி விட்டுடும். டபிள்யூஆர்கே டூல் இந்த வம்புக்கெல்லாம் வராது, 1.1தான் பேசும், ஆனா அதுவும் விரிக்காது, லுவா ஸ்க்ரிப்ட்ல பாடிய எடுத்து பாத்தீங்கன்னா சுருங்கின பைட்தான் இருக்கும்.

விரிக்காத டூல்ல இன்னொரு வில்லங்கம் கோரிலேஷன். லாகின் பக்கத்துல இருந்து டோக்கன ரெஜெக்ஸ்ங்கற தேடல் வடிவத்தால எடுத்து அடுத்த ரிக்வெஸ்ட்ல அனுப்பறோம்ல, பாடி சுருங்கின பைட்டா இருந்தா ரெஜெக்ஸுக்கு எதுவுமே மாட்டாது. டோக்கன் இல்லாம அடுத்த ரிக்வெஸ்ட் போகும், சர்வர் லாகின் பக்கத்துக்கே திருப்பி விடும், அதுவும் 200 ஓகேதான், நீங்க பாட்டுக்கு லாகின் பக்கத்த லட்சம் தடவ அடிச்சுட்டு சைட் சூப்பர் ஸ்பீடுன்னு சொல்லிக்கிட்டு இருப்பீங்க. அதுனால பாடில ஒரு வார்த்தைய தேடற அசர்ஷன், அதாவது சரிபார்ப்பு, ஒண்ணாவது வெச்சே ஆகணும். பாடி கிறுக்கலா வந்தா அது ஜீஜிப்தானான்னு கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு, முதல் ரெண்டு பைட் 31, 139னு இருந்தா அது ஜீஜிப். ப்ராட்லிக்கு அப்படி அடையாளம் எதுவும் கிடையாது, ஹெட்டரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க முடியும்.

நாம சரியா கேட்டும் சர்வர் சுருக்காம இருக்கறதுக்கு சர்வர் பக்கமும் காரணம் இருக்கும். என்ஜின்எக்ஸ எடுத்துக்கோங்க, அதுல ஜீஜிப் டீஃபால்ட்டா ஆஃப். ஆன் பண்ணாலும் ஹெச்டிஎம்எல்ல மட்டுந்தான் சுருக்கும், ஜேசான், சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட் எல்லாம் ஜீஜிப் டைப்ஸ்ங்கற செட்டிங்ல எழுதினாத்தான். ஏபிஐ டெஸ்ட் பண்றவங்க ஏன் சுருங்கலன்னு கேட்டா முக்கால்வாசி நேரம் பதில் இதுதான். அதே மாதிரி ரிக்வெஸ்ட்ல வயான்னு ஒரு ஹெட்டர் இருந்தா, அதாவது நடுவுல ஒரு ப்ராக்ஸி வழியா வந்திருந்தா, டீஃபால்ட்டா என்ஜின்எக்ஸ் சுருக்காது. ஆபீஸ் ப்ராக்ஸி வழியா டெஸ்ட் ஓட்டறவங்களுக்கு ஒரு ரிசல்ட், வெளிய இருந்து ஓட்டறவங்களுக்கு ஒரு ரிசல்ட்னு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். லெவல் டீஃபால்ட் 1, அதிகபட்சம் 9. 1ல இருந்து 5, 6 வரைக்கும் போனா சைஸ் கொஞ்சம் குறையும், அதுக்கு மேல 9க்கு போனா சிபியு செலவுதான் கூடும், சைஸ் பெருசா குறையாது. என்னைக் கேட்டா ஒவ்வொரு தடவையும் அப்பவே உருவாக்கி சுருக்கற பக்கங்களுக்கு 9 வைக்கறது தேவையே இல்லாத வேலை, ப்ராட்லியோட அதிகபட்ச லெவல் 11ம் அப்படித்தான், அதெல்லாம் முன்கூட்டியே சுருக்கி டிஸ்க்ல வெச்சுக்கற ஸ்டாட்டிக் ஃபைலுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. ரொம்ப சின்ன ரெஸ்பான்ஸையும் சுருக்க வேணாம், ஜீஜிப்போட தலையும் வாலும் சேர்ந்தே 18 பைட், "ஓகே"ன்னு வர்ற ஜேசான சுருக்கினா பெருத்துத்தான் போகும். ஒரே பாக்கெட்ல, அதாவது சுமார் 1,460 பைட்டுக்குள்ள அடங்கற எதையும் சுருக்கி பெருசா லாபமில்ல, எப்படியும் ஒரு பாக்கெட்தானே போகப்போகுது.

லோட் ஜெனரேட்டர் பக்கமும் ஒரு கண்ணு வெச்சுக்கணும். சுருக்கறத விட விரிக்கறது பல மடங்கு லேசான வேலைதான், ஆனா நிஜத்துல அந்த வேலைய ஆயிரம் பேரோட ஆயிரம் ஃபோனும் லேப்டாப்பும் பிரிச்சு செய்யுது, உங்க டெஸ்ட்லயோ ஆயிரம் பேருக்கும் சேர்த்து ஒரே மெஷின் விரிக்குது. பல டூல்ல பாடிய படிக்கும்போதே விரிச்சுக்கிட்டே படிக்கறதால, ஜெனரேட்டர் சிபியு திணறினா அந்தத் திணறல் ரெஸ்பான்ஸ் டைம்ல சேர்ந்துடும், சர்வர் மேல பழி விழும். ஜெனரேட்டர் சிபியு 80 சதவீதம் தாண்டுச்சுன்னா அந்த ரன்ன நான் தூக்கிப் போட்டுடுவேன், இன்னொரு மெஷின் சேர்த்து திரும்ப ஓட்டுவேன்.

டெஸ்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் பண்ற வேலை அஞ்சு நிமிஷங்கூட ஆகாது. ப்ரவுசர்ல நெட்வொர்க் டேப் தொறந்து முக்கியமான பக்கத்துக்கு ரெண்டு சைஸ் குறிச்சுக்குவேன், லைன்ல வந்தது ஒண்ணு, விரிஞ்சது ஒண்ணு, க்ரோம்ல சைஸ்ங்கற நெடுவரிசையில மவுஸ வெச்சா ரெண்டும் தெரியும். அப்புறம் கர்ல்ங்கற கமாண்ட் லைன் டூல்ல அதே பக்கத்த ரெண்டு தடவ எடுப்பேன், ஒரு தடவ அக்செப்ட்-என்கோடிங் ஹெட்டரோட, ஒரு தடவ இல்லாம, ரெண்டையும் ஃபைல்ல போட்டு சைஸ் பாப்பேன். ரெண்டும் ஒரே சைஸ்னா சர்வர்ல சுருக்கலைன்னு அர்த்தம், டெஸ்ட நிறுத்திட்டு சர்வர் பாக்கறவங்கள கூப்பிடணும். வேற வேற சைஸ்னா அடுத்து டூல்ல ஒரே ஒரு யூசர் வெச்சு ஒரு தடவ ஓட்டி, டூல் காட்டற சைஸ் இந்த ரெண்டுல எதோட ஒத்துப்போகுதுன்னு பாப்பேன். சுருங்கினதோட ஒத்துப்போனா சந்தேகமில்ல. விரிஞ்சதோட ஒத்துப்போனா டூல் லோகஸ்ட் மாதிரி விரிச்ச பிறகு எண்ணுதா, இல்ல கேக்கவே இல்லையான்னு சர்வரோட ஆக்சஸ் லாக்ல பாக்கணும், சர்வர் எத்தன பைட் அனுப்பிச்சுதுன்னு அங்க இருக்கும், அது பொய் சொல்லாது. அந்த நம்பர் கைல வந்ததுக்கு அப்புறந்தான் யூசர் எண்ணிக்கைய கூட்ட ஆரம்பிப்பேன்.